மாறாத கியர்

பச்சைமலையின் கடைசி வளைவில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. சிமெண்ட் ஆலை ஃபிட்டர் குருநாதன் சைக்கிள் சீட்டை விட்டு எழுந்து மிதிக்கிறார். முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். உச்சிவரை தரையில் கால் ஊன்றாமல் ஏறிவிட்டால் மறுபடி ஆலை ஏணியிலும் தைரியமாக ஏறலாம் என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருக்கிறார். பக்கத்திலேயே கூட்டாளி நசீருதீன், துபாயிலிருந்து கொண்டுவந்த கியர் சைக்கிளில். "கொல்லிமலையில எழுபது வளைவு மாமா. அதுதான் மலை, இது வெறும் மேடு." "அங்க வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கலாம் மாப்ள. ஏற்காட்டுல நெழலாச்சும் இருக்கு. இது வுடாம இழுக்குது." "பேசத் தெம்பு இருக்குல்ல, மிதிங்க." குருநாதனின் கியர் இல்லாத பழைய சைக்கிளில் செயின் முனகுகிறது. மூக்கு நுனி வியர்வை கைப்பிடியில் சொட்டுகிறது. அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது: அடிவாரத்திலிருந்து நசீருதீனின் கியர் மாறும் 'டக்' சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஓரக்கண்ணால் பார்க்கிறார். ஏற்றத்துக்கு லேசான கியர் இருந்தும், சமதளத்தில் ஓட்டுகிற கனத்த கியரிலேயே கிடக்கிறது செயின். நசீருதீனின் கெண்டைக்காலும் தன் காலைப் போலவே நடுங்குகிறது.

வளைவு முடிந்து உச்சியில் மரவள்ளிக் காடு பச்சையாக விரிகிறது. குருநாதன் பிரேக் பிடித்து, ஆபரேஷன் செய்த காலையே முதலில் ஊன்றுகிறார். அது தாங்குகிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தான் குடிக்காமல் நீட்டுகிறார். நசீருதீன் வாங்கிக் குடித்துவிட்டு, "அடுத்து கொல்லிமலைதானே மாமா?" என்கிறார். குருநாதன் முகத்தைத் துண்டால் துடைக்கிறார், கண்ணையும் சேர்த்து. "நீ கியர மாத்திக்கிட்டு வரதா இருந்தா வரேன்."