மழையே பெய்யாத தோட்டம்

"தண்ணி வடியிற கானை மூடிடுங்க செல்லசாமி அண்ணே. கான் இருந்தா வெள்ளம் வருதுன்னு அர்த்தம். வெள்ளம் வந்தா கடன் இல்ல. எனக்கு என்னாச்சு? வெள்ளம் வந்த தடம் எப்படியோ தெரிஞ்சு போச்சு!"

பக்கத்துத் தோட்டத்து அழகன் அனுபவசாலி. போன மாதம்தான் அவனுடைய கடன் விண்ணப்பத்தை பேங்க் திருப்பி அனுப்பியிருந்தது.

செல்லசாமிக்குக் கடன் கட்டாயம் வேண்டும். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வாராவாரம் குடைமிளகாய் எடுக்கத் தயார். அதற்குப் பொலித்தீன் கூடாரம் போட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் போடாவிட்டால் ஹோட்டல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே, பேங்கிலிருந்து தோட்டம் பார்க்க வரும் நாளன்று காலையில், மழைத் தண்ணீர் வடியத் தன் கையாலேயே வெட்டிய ஐந்து கான்களையும் பலகை போட்டு மூடினார். மேலே மண்ணும் கரட் தழையும் பரப்பினார்.

"பொணத்தைப் பொதைச்ச மாதிரியில்ல இருக்கு," என்றாள் மனைவி மீனம்மா.

பத்து மணிக்கு பேங்க் அதிகாரி சுலக்ஷனா கந்தப்பளைச் சரிவில் ஏறி வந்தார்.

"அண்ணே, விண்ணப்பத்துல புதுசா ஒரு பக்கம் இருக்கு. போன வருஷ மழையில தண்ணி வந்துச்சா?"

"மழையா மிஸ்? தூறல்தான்."

"ரெண்டு நாள் ரோட்டையே மூடியிருந்தாங்களே?"

"அது ரோட்டுல பேஞ்ச மழை மிஸ்," என்றான் அழகன்.

மீனம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சுலக்ஷனா தோட்டத்தை மேலும் கீழுமாக நடந்து பார்த்தார். முகம் இறுகியது. பேனாவை எடுத்தார்.

"ஒரு கான்கூட இல்லையே! மலையில கான் வெட்டாம மரக்கறி போடுவாங்களா? அதுகூடத் தெரியாமலா தோட்டம் செய்றீங்க?"

செல்லசாமி எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் கான் வெட்டியவர். 'வெட்டினா இப்படி வெட்டணும்' என்று எஸ்டேட்டை நடத்திய துரையே மற்றவர்களுக்குக் காட்டிய கான் அவருடையது.

"யாருக்குத் தெரியாது?"

அழகன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். பயனில்லை. செல்லசாமி தழையைக் காலால் தள்ளி, பலகையைப் புரட்டிப் போட்டார்.

"பாருங்க மிஸ்! ஒண்ணரை அடி ஆழம். இதே மாதிரி அஞ்சு இருக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முழங்கால் அளவு தண்ணி வந்து பாதிப் பாத்தியை அள்ளிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் வெட்டினது. போன வருஷமும் அதே மழை, அதே தண்ணி. ஒரு பாத்தி அசையல!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"கடன் போச்சு," என்று முணுமுணுத்தார்.

"போனா போகட்டும். கானாவது மூச்சு விடட்டும்," என்றாள் மீனம்மா.

சுலக்ஷனா விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார்.

"இதைத்தானே அண்ணே எழுத வந்தேன்! மழை நெலத்தை அள்ளிக்கிட்டுப் போனா அதோட பேங்க் குடுத்த காசும் போயிரும். எல்லா பேங்குக்கும் அப்படி ஆனா நாடு என்னாகும்னு மத்திய வங்கிக்குக் கவலை. அதுக்குத்தான் இந்தப் பக்கம். மழை வருமான்னு இல்ல, வந்தா தாங்குவீங்களான்னுதான் பார்க்கச் சொல்றாங்க. நீங்க தாங்கியே காட்டிட்டீங்க. நான் சிபாரிசு பண்றேன், கையெழுத்துப் போடுங்க."

செல்லசாமி பேனாவை வாங்கிக்கொண்டு அழகனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அழகன் கடனை ஏன் மிஸ் திருப்பினீங்க? வெள்ளம் வந்ததாலன்னுல்ல நாங்க நெனச்சோம்?"

"வெள்ளமா? அவரு தோட்டத்துல பத்து வருஷமா மழையே இல்லன்னு எழுதியிருந்தாரே! மழையே பெய்யாத எடத்துல லீக்ஸ் பயிர் எப்படி வளருதுன்னு மெனேஜர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

சுலக்ஷனா கீழே இறங்கத் தொடங்கியதும் அழகன் பின்னாலேயே ஓடினான்.

"மிஸ், அப்படியே நம்ம தோட்டத்தையும் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போங்க மிஸ்! இவருக்கு முழங்கால்தானே? நமக்குக் கழுத்தளவு!"