மூன்றாம் முறையும் ஃபெயில்

“மூணாவது தடவையும் ஃபெயிலா? ஏம்மா, என் மானத்த வாங்குறதுன்னே முடிவு பண்ணிட்டியா?”

பிரிசில்லா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜான்சி அசரவில்லை. கிட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டே, “ஆமா, ஃபெயிலு. அதுக்கென்ன இப்ப?” என்றாள்.

குமராட்சிப் பக்கத்து கிராமங்களுக்கு முப்பது வருஷம் நர்சம்மாவாக இருந்தவள். ரிட்டயர்மென்ட் விழாவில் மோதிரம் போட வந்தவர்களிடம், “அது வேணாம், கிட்டார் வாங்கிக் குடுங்க” என்று கேட்டே வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் கிட்டார் வகுப்புக்குப் போகிறாள். முதல் நிலைத் தேர்வில் தேறாதவர்கள், புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டும். அந்த வகுப்பில் அதுதான் சட்டம்.

“அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்கல்லாம் பாஸாயிட்டுப் போவுது. ‘உங்கம்மா இன்னும் ஃபர்ஸ்ட் லெவல்தானா’ன்னு நான் வேல பாக்குற பேங்க்ல கேக்குறாங்க. விட்டுத் தொலையேம்மா!”

“இடுப்பளவு வெள்ளத்துல தடுப்பூசிப் பெட்டியத் தலைல வச்சிக்கிட்டு நடந்தவ நான். அப்பவே யாரையும் கேட்டுக்கிட்டுப் போவல. இப்ப கேப்பேனா? சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போவட்டும்.”

இரண்டு நாள் கழித்து, வேலை சீக்கிரம் முடிந்து வீடு திரும்பிய பிரிசில்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஜான்சி அதே தேர்வுப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை.

“அம்மா! அப்ப நீ வேணும்னேதான் ஃபெயிலாவுறியா?”

“கத்தாதடி!” ஜான்சி குரலைத் தாழ்த்தினாள். “மங்கலம் இருக்கால்ல, அங்கன்வாடியில ரிட்டயர் ஆனவ? அந்தப் புள்ளைங்க நடுவுல நானும் அவளும்தான் கெழவிங்க. அவளுக்கு விரலே வளைய மாட்டேங்குது. நான் பாஸாயி மேல போயிட்டா, வெக்கப்பட்டுக்கிட்டு அவ நின்னுடுவா. அவ பாஸாவுற வரைக்கும் நானும் ஃபெயிலுதான். எவ என்ன சொன்னாலும் சரி.”

பிரிசில்லாவுக்குத் திட்டித் தீர்த்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. மங்கலத்துக்குத் தனியாக ஒரு வாத்தியார் வைத்தாவது இந்தத் தடவை பாஸ் பண்ண வைத்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையத்துக்கு ஸ்கூட்டியை விட்டாள்.

மங்கலத்தின் வீட்டு முன் வண்டியை நிறுத்தும்போதே கிட்டார் சத்தம் கேட்டது. அதே தேர்வுப் பாட்டு. அம்மா வாசித்ததைவிடவும் அழகாக!

“ஆன்ட்டி... நீங்களா வாசிச்சீங்க?”

மங்கலம் பதறிப்போய் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு. ஜான்சி அக்கா பாவம், எவ்ளோ மெனக்கெட்டாலும் அவுங்களுக்கு வர மாட்டேங்குது. அவுங்கள தனியா வுட்டுட்டு நான் மட்டும் எப்புடி பாஸாவுறது?”