எஞ்சின் நம்பர்

“பொம்பளைக்கு எதுக்கு ஆர்.சி. புத்தகம்? என்ன சரக்கு, எத்தனை மூட்டை, அதைச் சொல்லு” என்றார் குருசாமி, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கியபடி.

தேனியில் அவருக்கு இரண்டு லாரிகள் ஓடின. சண்டைக்காலம். டயரெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால், லாரி வைத்திருந்தவன்தான் ராஜா. அந்த ராஜாவின் எதிரே ஓடைப்பட்டி மொக்கம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் துணையாக வந்திருந்த ஏசுதாசன் வாத்தியார், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“சரக்கைப் பெறகு பாப்போம், மொதலாளி. குமுளி மலை ஏறுற லாரி எது?”

“இந்தா நிக்குதுல்ல!”

ஷெட்டில் நின்ற லாரிக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. முகப்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாலையாகத் தொங்கின.

“பிரேக் பிடிக்குமா?”

குருசாமி வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டீரா வாத்தியாரே, பிரேக்காம்ல! வெள்ளி தவறாம எலுமிச்சம்பழம் மாத்திக் கட்டுறேன். இதுக்கு மேல என்ன பத்திரம் வேணுமாம்?”

மொக்கம்மாள் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

“பழம் இருக்கும்போது சக்கரத்துக்கு எதுக்குக் கட்டை குடுத்திருக்கீக? சமதரையிலகூட நிக்காதா?”

மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கருத்தக்கண்ணன் சிரிப்பை மறைக்க இருமினான். குருசாமியின் முகம் சுருங்கியது.

“இதை ஓட்டுறது யாரு?” என்று கேட்டாள்.

“செல்லப்பாண்டி. அங்கன வேப்பமரத்தடியில திங்கிறான் பாரு. எந்த லாரியக் குடுத்தாலும் மறுபேச்சு பேசமாட்டான்.”

சாப்பிட்டு முடித்த ஓர் இளைஞன் தூக்குவாளியைத் தானே கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மொக்கம்மாள் சற்று நேரம் அவனையே பார்த்தாள்.

“எப்பவும் அவுகளுக்கு இந்த லாரிதேனா?”

“ஆமா. புது லாரிய என் மச்சினன் ஓட்டுறான். மதுரைக்கு, தார் ரோட்டுல. உனக்கு அந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?”

“பேப்பரைக் குடுங்க.”

தொல்லை விட்டால் போதுமென்று குருசாமி மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்து எறிந்தார். வாத்தியார் புரட்டிப் படித்தார். லாரிக்கு வயது இரண்டு. போன தை மாதம் பிரேக் இன்ஸ்பெக்டர் சோதித்துப் பார்த்து, ஓடத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்டிருந்தார். நம்பர் பலகையிலும் அதே நம்பர்தான் இருந்தது.

“பாத்தாச்சா? கண்ணு குளுந்துச்சா?” என்றார் குருசாமி.

“எஞ்சின் நம்பர் என்ன போட்டிருக்கு, வாத்தியாரே?”

“மூணு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு.”

மொக்கம்மாள் ஒரு சாக்குத் துண்டை எடுத்துக்கொண்டாள். “கொஞ்சம் எஞ்சின் மூடியத் தொற, தம்பி” என்று கருத்தக்கண்ணனிடம் சொன்னாள். அவன் முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திறந்துவிட்டான்.

எஞ்சினில் படிந்திருந்த கிரீஸை அவள் அழுத்தித் துடைத்தாள். “எனக்கு எழுத்துத்தேன் தெரியாது. எண்ணு தெரியும்” என்று சொல்லிக்கொண்டே, இரும்பில் வெட்டியிருந்த எண்களை விரல் வைத்துப் படித்தாள். “ரெண்டு... ஒம்பது... நாலு... நாலு... ஆறு.”

குருசாமி எழுந்துவிட்டார்.

“நேத்தே பழனிசெட்டிபட்டியில ஒரு டிரைவர்ட்ட வெசாரிச்சுட்டுத்தேன் வந்திருக்கேன். பேப்பர்ல உள்ள நம்பரும் எஞ்சின்ல உள்ள நம்பரும் ஒண்ணா இருக்கணும்னாக. இது எந்த லாரியோட பேப்பர்?”

“அது... புது லாரி பேப்பர் மாறி வந்துருச்சு.”

“பேப்பர் மாறலாம். புது லாரியோட நம்பர் இந்தப் பலகையில எப்படி ஏறுச்சு?” என்றார் வாத்தியார்.

புது லாரியை இன்ஸ்பெக்டரிடம் காட்டி வாங்கிய நம்பரில் இந்தக் கிழட்டு லாரியும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நம்பர், இரண்டு லாரி.

“ரெட்டைப் பிள்ளைக்குக்கூட ரெண்டு பேரு வைப்பாக. உங்களுக்கு அதுக்கும் சோம்பலா?” என்றாள் மொக்கம்மாள்.

“உக்காரு தாயி, உக்காரு. ஏலே கருத்தக்கண்ணா, ரெண்டு கலர் சோடா வாங்கிட்டு வா!” குருசாமியின் குரல் திடீரென்று குழைந்தது. “இது இன்ஸ்பெக்டர் காதுக்குப் போகணுமா? உன் சரக்கு எதுன்னாலும் புது லாரியில ஏத்திவிடுறேன்.”

அவள் உட்காரவில்லை. “இன்ஸ்பெக்டர் வந்து பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் இந்த லாரி ஷெட்டை விட்டு எறங்கக்கூடாது. நாளையில இருந்து புது லாரிய செல்லப்பாண்டிதேன் ஓட்டணும். வாத்தியாரு எழுதுவாக. கையெழுத்துப் போடுங்க.”

வாத்தியார் எழுதினார். லாரி ராஜா கையெழுத்துப் போட்டார். பதற்றத்தில் தன் பேரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டு, மறுபடி திருத்தினார்.

வாத்தியார் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபோது குருசாமிக்குப் பொறுக்கவில்லை. “எவன் ஓட்டுனா உனக்கு என்ன தாயி? அப்படி என்ன சரக்குத்தேன் ஏத்தப் போற?”

மொக்கம்மாள் கையிலிருந்த சாக்குத் துண்டைக் கீழே போட்டாள்.

“சரக்கெல்லாம் இல்ல மொதலாளி, அவுகளுக்குத்தேன் எம்மகளப் பொண்ணு கேட்டு வந்திருக்காக.”