இறக்கு என்று சொன்ன கை

மதிய மணி அடிப்பதற்குள் ஜெபக்காரர் பதில் சொல்லியாக வேண்டும்.

வேலைத்தளத்தில் அவருக்கு அதுதான் பெயர். டவர் கிரேனுக்குக் கீழே நின்று, உச்சியில் கேபினுக்குள் இருக்கும் ஆபரேட்டருக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. அங்கே கைதான் பேசும். வாய் திறந்தால் ஜெபம்.

இந்த வாரம் சோதனை முறையில் ஆபரேட்டராக மேலே ஏறியிருப்பது அவருடைய மகள்.

பயிற்சியில் முதலாவதாக வந்தவள். அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னார். அடுத்த ஞாயிறும் சொன்னார். மூன்றாம் ஞாயிறு பாஸ்டர் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார்.

பெருமை வேறு, பயம் வேறு. காற்றடித்தால் அந்தக் கேபின் எப்படி ஆடும் என்பது அவருக்குத் தெரியும். பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள். பெற்றவனுக்கும் வயிறு உண்டு.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம். 'இவரோடு நான் நிற்பேன்' என்று கீழே நிற்பவர் சொன்னால்தான் மேலே இருப்பவருக்கு வேலை உறுதி. எஞ்சினியர் தினமும் கேட்டார். ஆண்டவரிடம் ஞானம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இவர் தினமும் இழுத்தடித்தார்.

வீட்டில் எந்த முடிவானாலும் அப்படித்தான். வாடகை வீடு மாறியது, மகளைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் முழங்கால் போட்ட பிறகுதான். ஆச்சரியம் என்னவென்றால், ஆண்டவர் ஒருமுறைகூட அவர் நினைத்ததற்கு மாறாகச் சொன்னதில்லை.

"நீங்க அவர்கிட்ட யோசனை கேட்கிறீங்களா, கையெழுத்து வாங்குறீங்களா?" என்று இன்று காலையில்கூட மனைவி கேட்டாள்.

இந்த முறையும் அவர் ஒரு 'வேண்டாம்' தயாராக வைத்திருந்தார். கையெழுத்துதான் விழவில்லை.

இரும்பு உத்திரம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, சுட்டுவிரலைத் தரைக்குக் காட்டிக் கையைச் சின்ன வட்டமாகச் சுழற்றினார். இறக்கு, இறக்கு.

எஞ்சினியர் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்தார்.

ஆண்டவரே, என் பிள்ளை காரியத்தில் எனக்கு ஞானம் தாரும் என்று உதடு தானாக முணுமுணுத்தது. தலை குனிந்தது. பழக்கதோஷம், கண்ணும் மூடிக்கொண்டது.

கை மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது.

மோட்டார் சத்தம் நின்றபோதுதான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

உத்திரம் இரண்டு ஆள் உயரத்தில் அசையாமல் நின்றது. அதற்கு நேர் கீழே, காற்றில் உருண்டோடிய தலைக்கவசத்தைத் துரத்தி வந்த தச்சர் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மேலே பார்த்தவர் பதறி விலகி ஓடினார்.

ஜெபக்காரர் சுழன்றுகொண்டிருந்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இறக்கு என்றுதான் தன் கை சொல்லியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் இறக்கியிருப்பார்கள். கீழே நிற்பவரின் கையை நம்பு என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

தச்சரை அவள் பார்த்திருக்கவும் முடியாது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் உத்திரமே அவரை மறைத்திருக்கும்.

பிறகு எதைப் பார்த்து நிறுத்தினாள்?

இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அப்பா, ஆமென் சொல்லிட்டீங்களா? இறக்கட்டுமா?"

சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்த தலை. எவ்வளவு உயரத்திலிருந்தாலும் அது எதற்குக் குனிகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

எஞ்சினியர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே, "இவளோட நான் நிக்கிறேன் சார்" என்றார் ஜெபக்காரர். மார்பு நிமிர்ந்திருந்தது.

பிறகு வாக்கி-டாக்கியை எடுத்து, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஆமென் என்றார்.