சவரிநாதன் வரைந்த பனி

"சொல்லுடி, இன்னா தெரியுது?" கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்ட வரைந்த துணியைக் கொடியில் தொங்கவிட்டு, மனைவியைக் கேட்டான் சவரிநாதன். "பங்குச் சாமியாரு படம் வரைய வேற ஆளப் பாக்கறேன்னு நிக்கறாரு."

"உப்பளம்" என்றாள் ஜெயசீலி.

"உப்பளத்துல எவன்டி கம்பளி போத்திக்கினு போவான்? அது பிரான்சுப் பனி!"

"அட, ஆமா! மரத்துல ஒரு எல இல்ல. சனங்க வெறகச் சொமந்துக்கினு குனிஞ்சு போவுதுங்க. பாக்கறப்பவே ஒடம்பு ஒதறுதுய்யா." வில்லியனூர் வெயிலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சேலை சரசரத்ததும் அவன் கைகொட்டிச் சிரித்தான். "வேற ஆளு வேணாம்னு சாமியாருகிட்டப் போய்ச் சொல்லுடி!"

சுண்ணாம்பில் ஈரம், கரியில் சொரசொரப்பு. வெள்ளை எது, கறுப்பு எதுவென்று விரலே சொல்லிவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் குண்டு வெடித்துக் கண் அவிந்தபோது, அவன் கடைசியாகப் பார்த்தது அந்தப் பனியைத்தான்.