கதவுக்குப் பின்னால் கைத்தடி

"வா மாப்பிள்ளை! நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்."

அத்தான் கையில் புத்தம் புதுக் கைத்தடி. மச்சினன்காரன் அதைக் கவனித்தால்தானே!

"அப்புறம் பேசலாம் அத்தான். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க வெப்சைட்ல எங்க விளம்பரத்தைத் தட்டி ஆயிரம் பேர் எங்க கடைக்கு வந்திருக்காங்க. ஒருத்தர்கூட எதுவும் வாங்கலை. அதெப்படி?"

அவன் கம்பெனி கைத்தடி, சக்கர நாற்காலியெல்லாம் ஆன்லைனில் விற்கிறது. அத்தானின் வெப்சைட்டோ நடக்க முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வது பற்றியது. ஒவ்வொரு தட்டலுக்கும் அத்தானுக்குக் காசு. அந்த விளம்பரத்தை வாங்கித் தந்ததும் அவன்தான். எந்த விளம்பரத்தால் எது விற்றது என்று கணக்குப் பார்ப்பதும் அவன்தான்.

"அதைத்தான் நானும் சொல்ல வர்றேன். உன் பக்கத்துல..."

"இருங்க, போன் ஸ்பீக்கர்ல எங்க மேனேஜர் இருக்கார். சொந்தக்காரர்னு மூடி மறைச்சேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாருங்க."

ஏற்கெனவே ஒரு தவறுக்காகக் கடைசி எச்சரிக்கை வாங்கியவன் அவன். அது அக்கா வீட்டுக்கும் தெரியும். அதனால் இந்த முறை நெருப்பாக நின்றான்.

அத்தான் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார். எழுந்து உள்ளறைக் கதவுப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்.

"தப்பு என் பக்கம்தான் சார். விளம்பரத்தை எடுத்துடுங்க."

"அப்போ ஆள் வெச்சுத் தட்டினீங்களா? உங்களுக்குப் போய் சிபாரிசு பண்ணினேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

அடுப்படியிலிருந்து அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அத்தான் கண்ணாலேயே தடுத்தார்.

கெட்ட பெயருக்குக் கால் முளைக்கக் கேட்கவா வேண்டும்? மற்ற விளம்பரங்களும் ஒவ்வொன்றாய்க் கழன்றன. வெப்சைட்டை மூடிவிட்டு அத்தான் வேலை தேடி வெளியூர் போனார்.

மாதங்கள் ஓடின. ஆபீஸில் பழைய வேலைகளைச் சரிபார்க்கும்போது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பணம் கட்டியதும் வரும் 'நன்றி' பக்கத்தில் ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு வரி உண்டு. அது இருந்தால்தான் அங்கிருந்து வந்தவர் வாங்கியது கணக்கில் ஏறும். பக்கத்தைப் புதிதாக மாற்றியபோது அத்தானுக்கான வரியை மட்டும் விட்டுத் தொலைத்தவன் அவனேதான்! வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அக்கா வீட்டுக்கு ஓடினான்.

"அத்தான் மேல தப்பே இல்லக்கா. எல்லாம் என்னால வந்தது. பாவி, நாக்கில நரம்பில்லாம பேசிட்டேன்."

"மேனேஜர்கிட்ட சொன்னியா?"

"அந்த வரியைச் சேர்த்துட்டேன். ஆனா சொல்லலை... சொன்னா வேலை போயிடும்க்கா."

அக்கா திட்டுவாள் என்றுதான் நினைத்தான். அவள் உள்ளே போய், கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கைத்தடியை எடுத்து வந்தாள்.

"அவரே தன் வெப்சைட்ல விளம்பரத்தைத் தட்டி, உங்க கடையில வாங்கினது. உங்க கம்பெனி அவருக்கு அனுப்பற கணக்குல இதுவும் ஏறலைன்னதும் கோளாறு உன் பக்கம்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னைக்கு உன்கிட்ட காட்டத்தான் கையில வெச்சிருந்தார். மேனேஜர் கேட்டுக்கிட்டிருக்கார்னு நீ சொன்னதும் கொண்டுபோய் ஒளிச்சுட்டார்."

"ஏன்க்கா?"

"'சொன்னா அவன் வேலை போயிடும்'னார். நீயும் இப்போ அதையேதான்டா சொல்றே."