இரவல் விரல்

"ஏட்டி குழலு, விரலைக் கொண்டா. மணி ரெண்டே முக்கால்!"

தாணு சுகர் மிஷினில் ஸ்ட்ரிப்பைச் சொருகிக்கொண்டே கத்தினார்.

குழல்வாய்மொழி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள்.

"உங்களுக்கு விரலே இல்லியாக்கும்? பத்து வச்சிருக்கியளே."

"என் விரலைக் குத்துனா உன் மக நாளைக்கே ஊசியோட வந்து நிப்பா."

மகள் யோகலட்சுமி மதுரையில் நர்ஸ். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு முடிந்து ரெண்டு மணி நேரம் கழித்து அப்பா குத்திப் பார்க்க வேண்டும். மிஷினில் விழும் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் போட்ட சட்டத்தை, அவள் குரலிலேயே மூக்கால் பேசிக் காட்டுவார் தாணு.

"'எப்பா, இருநூறைத் தாண்டுச்சுன்னா இன்சுலின்தான். நோ எக்ஸ்கியூஸ்!'"

ஏழு வாரமாகப் போட்டோ அவருடையது. விரல் குழல்வாய்மொழியுடையது.

முப்பது வருஷம் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எதற்கும் பயந்ததில்லை, ஊசியைத் தவிர. அண்ணன் சிவசைலத்துக்கு இன்சுலின் ஆரம்பித்த அடுத்த வருஷம் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தவர், அன்றிலிருந்து தன் பாதத்தைக் குனிந்து பார்ப்பதே இல்லை.

வாய் மட்டும் அடங்கவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், செங்கோட்டை ரோட்டுப் பரோட்டாக் கடையில் ஆஜர்.

இன்றைக்கு அதிசயமாக மனைவிக்கும் ஒரு பார்சல் கட்டி வந்திருந்தார். மற்ற நாளில் அவள் சாப்பாடே வேறு. முதலில் ஒரு கிண்ணம் கீரை, அப்புறம் ஒரு கை சோறு. கை கழுவியதும் வீட்டைச் சுற்றி நடை. இவர் வாசலில் உட்கார்ந்து விசில் ஊதுவார். "அடுத்த ஸ்டாப் கொல்லப்புறம்! மெலியப் போறவங்கல்லாம் ஏறிக்கோ, ரைட்!"

"குருவி மாதிரி கொறிக்கியே, இன்னைக்கு ஒருநாள் எனக்காவத் தின்னுட்டி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து மூணு பரோட்டாவைத் தின்ன வைத்தார். வெளியே மழை. நடையும் இல்லை.

விரலில் குத்தினார். ஒரு சொட்டு. மிஷின் ஐந்திலிருந்து இறங்கியது. நாலு... மூணு... ரெண்டு... ஒண்ணு.

312.

"மிஷின் செத்துட்டு" என்றார் தாணு.

அவள் விரலை முந்தானையில் துடைத்தாள்.

"சால்னாக் கையா இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

கழுவி வந்தாள். வேறு விரல், புது ஸ்ட்ரிப்.

309.

அவர் கண் தானாக அவள் பாதத்துக்குப் போனது. ரெண்டு பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

போன் அடித்தது. யோகலட்சுமி. எடுக்கவில்லை.

"ஏட்டி, உனக்குச் சுகர் வந்துட்டுட்டி. நாளைக்கே தென்காசி போயிருவோம். பயப்படாத, என்ன? பயப்படாத."

அவள் அடுக்களைக்குப் போய், சீரக டப்பாவுக்குப் பின்னாலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து வந்து வைத்தாள். அவர் தின்கிற அதே மாத்திரை.

"வந்து மூணு வருசம் ஆச்சு."

"பொய் சொல்லாத! போன வாரம் நூத்தி நாப்பத்தெட்டு. அதுக்கு முந்துன வாரம் நூத்தி அம்பத்திரெண்டு. உன் விரல்தானே அது?"

"என் விரல்தான். கீரையும் ஒரு கைச் சோறும் நாப்பது நிமிசம் நடையும்தான் அந்த நம்பரு. ஞாயித்துக்கெழமை மட்டும் பத்துச் சுத்துக் கூட நடப்பேன். நீங்க விரல் கேப்பியளே."

தாணுவுக்கு அந்த விசில் சத்தம் காதுக்குள் கேட்டது.

"இன்னைக்கு ஏன் தின்ன? வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானட்டி?"

"முப்பது வருசத்துல மொத பார்சலு. எப்படி வேண்டாம்னு சொல்ல?"

போன் மறுபடி அடித்தது.

"இனிமே விரல் கெடையாது" என்றாள். "ஊசி உங்க அண்ணன் காலை எடுக்கல. ஊசிக்குப் பயந்து ஒளிஞ்ச காலம்தான் எடுத்துது. உங்கள ஒளிச்சு வச்ச பாவம் என்னோடது. போதும்."

தாணு புது ஸ்ட்ரிப்பைச் சொருகினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"நீயே குத்து. நம்பரை நீயே பாரு. எனக்குச் சொல்லாத."

அவள் குத்தினாள். மிஷின் இறங்க ஆரம்பித்தது. ஐந்து... நாலு...

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "மூணு வருசமா எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

அவர் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க அண்ணனப் பாத்துட்டு வந்து நீங்க லைட்ட அணைக்காமப் படுத்தியளே, அந்த வாரந்தான் எனக்கும் சுகர் இருக்குன்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. வீட்டுக்கு ஒரு ஆளு பயந்தாப் போதும்னு விட்டுட்டேன்."